பியர் குடிக்காத ஞானத் தகப்பன்

எங்கள் ஊர்ச் சங்கத்து மலரில் இம்முறை ஓய்வுபெற்றவர்களின் அனுபவங்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். தபால் கந்தோரில் இருந்தவர், மாநகரசபையில் இருந்தவர், ரயில்வேயில் இருந்தவர் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்த செயலாளர், என்னிடம் வந்ததும் சற்றுத் தயங்கினார். "அண்ணை, நீங்களும் எழுதலாம்... சமூகத்துக்கு ஏதும் பிரயோசனமாய்..." என்று இழுத்தார். நான் வேலைக்காலத்தின் பெரும்பகுதி பாரிசில், லா ஷப்பல் பக்கத்தில் ஒரு பாரில் ஊற்றிக் கொடுத்தவன். நான் சமூகத்துக்குச் செய்த பிரயோசனத்தைச் சமூகம் மறுநாள் காலையில் தலையிடியாக உணர்ந்திருக்கும்.

மறுத்துவிடத்தான் நினைத்தேன். அந்தக் கிழமையே ரூ பெர்தொனே என்ற தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கைத்தொலைபேசி திருத்தும் கடை இருந்த இடத்தில் ஒரு புதுப் பார் திறந்திருப்பதைக் கண்டேன். வாசலில் கரும்பலகை. அதில் பியருக்கு இரண்டு வரி. மீதிப் பலகை முழுவதும் சைடர், அப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மது. எந்தத் தோட்டத்து அப்பிள், என்ன மணம், எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்று சாதகக் குறிப்புப்போல எழுதியிருந்தார்கள். உள்ளே தாடிக்காரப் பொடியள் வைன் கிளாசில் சைடரை ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் "நனைந்த வைக்கோல்" என்றான். மற்றவன் பயபக்தியோடு தலையாட்டினான்.

அதே நனைந்த வைக்கோலுக்காக நான் எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பேன்! எங்கள் ஆண்களுக்கு அன்று சைடர் என்பது பொம்பிளையள் தண்ணி. பியர் கேட்டவனுக்குச் சைடரைக் காட்டினால், பால்மா கரைத்துத் தரட்டுமா என்று கேட்டதுபோலப் பார்ப்பார்கள். அந்தச் சைடரால் ஒரு மனிதர் தன் மேசையையும் ஒரு ஞானஸ்நானத்தையும் இழக்காமல் தப்பிய கதை எனக்குத் தெரியும். சமூகத்துக்குப் பிரயோசனம் என்று நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

பாரிசுக்கு வந்த கதையை விட்டுவிடுகிறேன். அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள், என்னைவிடக் கூடிய கண்ணீரோடு. ஊரில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தவன் இங்கே வந்து கோப்பை கழுவினேன். இரண்டு மூன்று உணவகங்களில் கழுவினேன். கழுவியதில் ஒரு பட்டம் இருந்தால் எனக்கும் கலாநிதி என்று போட்டிருப்பார்கள். பிறகு ஒருநாள், கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் லா ஷப்பலுக்கும் இடையில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்த பாரில், தட்டு எடுக்க ஆள் தேவை என்று போனேன். முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் அறிவிக்கும்வரை அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தப் பாருக்குச் சொந்தக்காரி மதாம் ஆனிக். பிரத்தாஞ்காரி. பிரத்தாஞ் என்பது பிரான்சின் மேற்குக் கரை. கடலும் மழையும் அப்பிளும் பிடிவாதமும் அங்கே நன்றாக விளையும். மதாம் உயரமில்லை, சத்தமுமில்லை. கோபம் வந்தால் தோளில் கிடக்கும் துணியை எடுத்து நான்காக மடிப்பார். எட்டாக மடித்தால் நான் குசினிக்குள் போய்விடுவேன். வழக்கமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "மிசே" என்று மரியாதையாக அழைத்தால் அன்று நான் ஏதோ பெரிய பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். பிரெஞ்சு மொழியின் மரியாதைப் பன்மையை நான் அச்சத்தின் மூலமாகத்தான் கற்றேன்.

பியர் ஊற்ற ஒரு கிழமையில் பழகிவிட்டேன். சைடருக்கு மதாம் பல மாதம் எடுத்தார். போத்தலைப் படுக்க வைக்கக்கூடாது, நிற்கத்தான் வேண்டும். அடியில் இருக்கும் மண்டி அங்கேயே உறங்க வேண்டும். நிலவறைக் குளிர் போதும், ஐஸ் கூடாது. தக்கையைக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்ததும், தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு போத்தலைத்தான் திருப்ப வேண்டும். முதல் முறை நான் தக்கையைத் திருப்பினேன். அது வெடித்துப்போய் மேலே விளக்கில் பட்டது. வாடிக்கையாளர்கள் கைதட்டினார்கள். மதாம் துணியை மடித்தார்.

"சத்தம் வந்தால் கல்யாணம். சத்தம் வராவிட்டால் தொழில். இங்கே நாம் தொழில் செய்கிறோம், மிசே."

சைடர் ஊற்றுவது பொலே என்ற மண்கோப்பையில். பிடி வைத்த சின்னச் சட்டிபோல இருக்கும். பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது. பொலேகளுக்குத் தனித் தட்டு, தனித் தூரிகை. பியர்க் கிளாஸ் கழுவிய தண்ணீர் அதில் தெறிக்கவும் கூடாது. பியரின் கசப்பு ஒட்டினால் அப்பிள் செத்துவிடும் என்பது மதாமின் விளக்கம். அந்தத் தனித் தூரிகை ஒருநாள் எவ்வளவு பெரிய விஷயமாகப் போகிறதென்று அப்போது எனக்குத் தெரியாது. கிழவிக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன்.

லண்டன் ரயிலில் இறங்கி வரும் ஆங்கிலேயர்கள் பெரிய கிளாஸ் நிறைய ஐஸ் போட்டுச் சைடர் கேட்பார்கள். ஒருமுறை ஒருவர் இரண்டாம் தரமும் ஐஸ் கேட்டார். மதாம் என்னிடம், "அவருக்குக் காய்ச்சலா என்று ஆங்கிலத்தில் கேள்" என்றார். கேட்டேன். அவர் இல்லை என்றார். "அப்படியென்றால் ஐஸ் எதற்கு?" என்றார் மதாம். அதையும் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் ஐஸ் இல்லாமல் குடித்தார், இன்னொன்றும் குடித்தார். இராசதந்திரிகள் செய்யும் வேலையை நான் ஏப்ரன் கட்டிக்கொண்டு செய்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிறு கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து மதியத்துக்கு முன் ஒரு செற் எங்கள் பாருக்கு வரும். புறநகர் ஸ்தேனில் இருந்து சூசை அண்ணை. சாமான் லொறி ஓட்டுபவர். பியரை அவர் நேசித்ததுபோல ஒரு மனிதன் மனைவியை நேசித்தால் இலக்கியத்தில் இடம்பெறுவான். எபினேயில் இருந்து அன்ரன் அண்ணை. ஒரு கந்தோரில் வேலை, அமைதியான ஆள், சட்டைக் கழுத்துப் பொத்தானைக்கூடப் பூட்டியிருப்பார். சூசையும் அன்ரனும் வந்த புதிதில் ஒரே அறையில் ஒரே மெத்தையை முறை வைத்துப் படுத்தவர்கள். மூன்றாமவர் ஞானராஜ் ஐயா. புதுச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், எங்கள் யாழ்ப்பாணத் தமிழைப் பழைய கல்வெட்டுப்போல ரசித்துக் கேட்பவர்.

இந்த மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது. முதலில் வந்து உட்காருபவர்தான் எல்லாருக்கும் சொல்வார். அவர் சொன்னதைத்தான் மேசை குடிக்கும். அடுத்த சுற்று அடுத்து வந்தவருடையது. தனக்கு வேறு வேண்டும் என்று ஒருவன் கேட்பது, கல்யாணப் பந்தியில் இருந்துகொண்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதற்குச் சமம். சட்டம் இருந்ததே தவிர அதைச் சோதிக்கும் தேவை வரவில்லை. யார் முதலில் வந்தாலும் சொன்னது பியர்தான்.

ஒரு இலையுதிர் காலத்தில் அன்ரன் அண்ணை வருவதை நிறுத்தினார். முதலில் தடிமன் காய்ச்சல் என்றார்கள். பிறகு வேலை என்றார்கள். பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது கெட்ட அறிகுறி.

எங்கள் சனத்தில் கத்தோலிக்கர்களிடையே ஒரு ஆண் திடீரென்று பியரை விட்டால் ஈரலைச் சந்தேகிக்க மாட்டார்கள், விசுவாசத்தைத்தான் சந்தேகிப்பார்கள். அல்லேலூயாச் சபைக்கு மாறிவிட்டார் என்பதுதான் முதல் முடிவு. சபைக்காரர்கள் நல்ல மனிதர்கள், நான் குறை சொல்லவில்லை. குடிக்காதவர்களைப்பற்றி ஒரு பார்க்காரனுக்கு இருக்கக்கூடிய தொழில்முறைக் கவலை மட்டும் எனக்கு உண்டு.

ஒரு ஞாயிறு, சூசை அண்ணை கவுண்டருக்கு வந்து குனிந்தார்.

"தம்பி, அன்ரன் உன்னோடை ஏதும் கதைச்சவனோ?"

"இல்லை அண்ணை. ஏன்?"

"என்ரை மகளின்ரை பிள்ளைக்கு ஞானஸ்நானம் வருது. அன்ரன்தான் ஞானத் தகப்பன். பிள்ளை பிறக்க முதலே பேசினது. இப்ப ஊரெல்லாம் அவன் சபைக்கு மாறிட்டான் எண்டு கதை. மாறினவனை ஞானத் தகப்பனாய் நிப்பாட்ட ஏலாது, பூசை வைக்கிற சுவாமி ஒத்துக்கொள்ளார். மருமகன்ரை ஆக்கள் வேறை ஆளை வைப்பம் எண்டு நிக்கினம்."

"நேரை கேட்டுப் பாக்கலாமே, அண்ணை?"

"கேட்டு, ஓம் எண்டு சொல்லிப்போட்டான் எண்டால்?"

லொறி ஓட்டும் அந்தப் பெரிய மனிதர், கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நாட்களில் ஒரு வேலைநாள் பின்னேரம், பார் வெறுமையாக இருந்தபோது, அன்ரன் அண்ணை தனியே வந்தார். மெலிந்திருந்தார். கழுத்துப் பொத்தானுக்கும் கழுத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. கவுண்டரின் கடைசி மூலையில் நின்றார்.

"தம்பி, பியர் எதிலை செய்யிறவங்கள்?"

"பார்லியிலை. சிலதிலை கோதுமையும் போடுவினம்."

"அதுதான். எனக்கு ரெண்டும் கூடாதாம். குடல் ஏற்காதாம். பாண், றோல்ஸ், பரோட்டா ஒண்டும் கூடாது. ஒரு துளி பட்டாலும் வயிறு பிரச்சினை எண்டு பெரிய டொக்டர் சொல்லிட்டார். சாகும்வரை இப்பிடித்தான்."

"பெரிய வருத்தம் இல்லைத்தானே, அண்ணை? சாப்பாட்டை மாத்தினால் சரி."

"எனக்குப் பெரிசில்லை. பரம்பரையாயும் வருமாம் எண்டவர். என்ரை மகளுக்கு இப்ப சம்பந்தம் பாக்கிறம். தேப்பனுக்குப் பரம்பரை வருத்தம் எண்டு ஒரு சொல்லு வெளியிலை போனால் ஆர் வருவான்? அவள் சிரிக்கிறாள். 'பப்பா, என்ர வேலையிடத்திலை அரைவாசிப் பேர் வேணுமெண்டே கோதுமை சாப்பிடுறேல்லை, அது இப்ப மோட், நாகரிகம்' எண்டு பிரெஞ்சிலை சொல்லுறாள். அவளுக்கு எங்கட சனத்தைத் தெரியாது."

நான் சைடரைப்பற்றிச் சொன்னேன். அப்பிள் மட்டும்தான், தானியம் கிடையாது. அவர் முகம் வெளித்தது. அடுத்த கணமே சுருங்கியது. "பொலேயிலை வச்சுக் குடிக்க ஏலாது தம்பி. கேப்பாங்கள். நிறம் ரெண்டும் ஒண்டுதானே? பியர்க் கிளாசிலை ஊத்தித் தா. ஞாயிற்றுக்கிழமை வந்து இருப்பன். ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு பியர்க் கிளாசைக் கையில் எடுத்தேன். பின்னால் துணி மடிபடும் ஓசை கேட்டது. மதாமுக்குத் தமிழ் தெரியாது. கையில் எந்தக் கிளாஸ், மற்றக் கையில் எந்தப் போத்தல் என்பது அவருக்குப் போதும்.

"மிசே, என் வீட்டில் ஒரு பானம் இன்னொரு பானத்தின் உடுப்பைப் போட்டுக்கொள்ளாது."

நான் காரணத்தைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு அன்ரன் அண்ணையின் கழுத்தைப் பார்த்தார், கவுண்டரில் வைத்திருந்த பாண் துண்டுகளில் இருந்து அவர் தள்ளி நின்றதைப் பார்த்தார். குரலைத் தணித்தார். "அதோடு, அந்தக் கிளாஸ் காலையில் பியரில் நின்றது. இந்த மிசேக்கு அதில் ஊற்றினால் நீ அவருக்கு உதவி செய்யவில்லை."

மதாமின் ஊரில் கோதுமையே இல்லாத கருங்கோதுமை அடையும் சைடரும்தான் அன்றாடச் சாப்பாடு. இப்படிக் குடலோடு இருப்பவர்களை அவர் முன்பே கண்டிருந்தார். பெயரில்தான் கோதுமை இருக்கிறது, அது வேறு தானியம் என்று பிற்பாடு எனக்குப் பாடம் எடுத்தார். மதாம் தணிந்த குரலில் சொன்னது மூலையில் நின்ற அன்ரன் அண்ணைக்குக் கேட்கவில்லை. தன்னை மறுத்துவிட்டார்கள் என்று மட்டும் விளங்கியது. "பறவாயில்லை தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

ஒரு சொல் போதும். சூசை அண்ணையைக் கூப்பிட்டு, "கோதுமை, அண்ணை, வேறொண்டும் இல்லை" என்றால் விஷயம் முடிந்தது. அன்று மதாமிடம் அதைக் கேட்டும்விட்டேன்.

"மனிதர்கள் என்ன குடிக்கிறார்கள் என்பது உன் தொழில்" என்றார். "ஏன் குடிக்கிறார்கள் என்பது உன் சொத்தில்லை. அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை."

இரண்டு நாள் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். என் வாழ்நாளில் தொழில்சார்ந்து எனக்கு உதித்த ஒரேயொரு சொந்த யோசனை அப்போதுதான் வந்தது. அன்ரன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, ஞாயிறு முதல் ஆளாய் வாங்கோ. முதல் வாறவர்தானே மேசைக்குச் சொல்லுறது? எல்லாருக்கும் சைடர் சொல்லுங்கோ."

பல மாதங்களுக்குப் பின் அவர் சிரிப்பதைக் கேட்டேன். "சூசை என்னை வெட்டுவான்" என்றார்.

ஞாயிறு அவர் பூசை முடியும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மதாம் தானே நிலவறைக்குப் போய்ப் போத்தல் எடுத்து வந்தார். இனிப்பு வகை இல்லை. ப்ரூட், வறண்டது, தொழுவத்து மணம் லேசாக வீசும் பண்ணைச் சைடர். தனித் தட்டில் இருந்து மூன்று பொலே. நான் போத்தலைத் திருப்பினேன். சத்தம் வரவில்லை. என் வாழ்க்கையில் மிகச் சுத்தமாகத் திறந்த போத்தல் அதுதான், அதைப் பார்க்க ஒருவரும் இல்லை.

மற்ற இருவரும் வந்தார்கள். அன்ரனைக் கண்டதும் சூசை அண்ணையின் முகம் ஒரு கணம் விளக்குப்போல எரிந்தது. பிறகு மேசையைப் பார்த்தார்.

"என்னடாப்பா இது? கஞ்சியோ?"

"என்னங்க அன்ரன், சின்னப் பிள்ளைக்கு வாங்கினதை நமக்குக் கொடுத்துட்டீங்களா?" என்றார் ஞானராஜ் ஐயா.

"முதல் வந்தது நான்" என்றார் அன்ரன் அண்ணை. "சட்டம் சட்டம்தான்."

சூசை அண்ணை பொலேயை முகர்ந்தார். "மாட்டுக் கொட்டில் மணக்குது." ஒரு வாய் குடித்தார். அப்பிள் ஜூசை எதிர்பார்த்த நாக்கு, புளிப்பும் துவர்ப்பும் வந்து மோதியதில் திகைத்தது. கண்ணைச் சுருக்கினார், போத்தலை இழுத்து எடுத்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டு லேபலைப் படித்தார்.

"அஞ்சு வீதமடா!"

அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. அஞ்சு வீதம் மதுசாரம் உள்ளதை ஒரு சபைக்காரன் தொடமாட்டான். ஒரு மனிதனுடைய கத்தோலிக்க விசுவாசத்துக்குச் சாட்சியாக லேபல் வாசிக்கப்பட்டது உலக வரலாற்றில் அதுவே முதல் முறையாக இருக்கலாம்.

"அப்ப நீ மாறேல்லை!"

"எங்கை மாறுறது? விசரே உனக்கு?"

"எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்!" என்று மேசையைத் தட்டினார் சூசை அண்ணை. எனக்கும் பெருமைதான். கவுண்டரில் சாய்ந்துகொண்டு, என்னை நானே பாராட்ட ஆரம்பித்திருந்தேன். அப்போது சூசை அண்ணை தட்டுவதை நிறுத்தினார்.

"அப்ப ஏன்ராப்பா நீ நன்மை எடுக்கிறேல்லை?"

அன்ரன் அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். பூசைக்கு வாறாய், கடைசி வாங்கிலை நிக்கிறாய், எல்லாரும் நன்மை எடுக்க எழும்பிப் போகேக்கை நீ வெளியிலை போறாய். மாறேல்லையெண்டால் அது என்ன?"

அன்ரன் அண்ணை வாய் திறந்தார். ஞானராஜ் ஐயாவைப் பார்த்தார், பக்கத்து மேசையில் இருந்த இரண்டு எங்கட முகங்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார். எழுந்தார். "நான் வாறன், சூசை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சைவன். எங்கள் கோயிலில் தருவது திருநீறு. அதில் கோதுமை இல்லை. கத்தோலிக்கப் பூசையில் குருவானவர் நன்மையென்று நாக்கில் வைக்கும் அந்த வெள்ளை வட்டம் எதனால் ஆனது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சூசை அண்ணையோ, பியர் எதனால் ஆனது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பாதி பாதியாக வைத்துக்கொண்டு இரண்டு பேரும் முழித்துக்கொண்டிருந்தோம்.

ஞானராஜ் ஐயா விடைபெற்றுப் போன பிறகும் சூசை அண்ணை போகவில்லை. பொலேயில் மிச்சம் இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து கவுண்டருக்கு வந்தார். கேட்டால் என்ன சொல்வது?

அவர் அன்ரனைப்பற்றிக் கேட்கவில்லை.

"தம்பி, பியர் எதிலை செய்யிறது?"

இது கேட்கலாம். இது என் தொழில். "பார்லியிலை, அண்ணை. சிலதிலை கோதுமையும்."

"உந்தச் சைடர்?"

"அப்பிள். வேறை ஒண்டும் இல்லை."

அவர் விரலால் கவுண்டரில் கோடு கீறினார். "போன மாசம் வீட்டை வந்தவன். மனிசி றோல்ஸ் சுட்டு வச்சவ. தொடேல்லை. றோல்ஸ் எதிலை?"

"அது என்ரை தொழில் இல்லை, அண்ணை. ஆனால் கோதுமை மாதான்."

"நன்மை எதிலை செய்யிறது?"

"நான் சைவம், அண்ணை."

மதாம் பக்கத்தில் பொலேகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன கேட்கிறார்?" என்றார். சொன்னேன். தலை நிமிராமல், கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை ஞானோபதேசம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னார்:

"கோதுமை மாவும் தண்ணீரும். வேறெதுவும் சேர்க்கக்கூடாது."

அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. சூசை அண்ணை பிரெஞ்சில் கேட்டுக்கொண்டார். பிறகு, "விசரன், விசரன்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே மேலங்கியை மாட்டினார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஸ்தேனில் கோயில். முன்வரிசையில் பிள்ளையைக் கையில் ஏந்தியபடி நின்றது அன்ரன் அண்ணை. மருமகனின் ஆட்களைச் சூசை அண்ணை என்ன சொல்லிச் சமாளித்தார் என்று தெரியாது. லொறிக்காரர்களுக்கு வழி தெரியும். நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. அன்ரன் அண்ணை பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல ஓரமாக ஒதுங்கினார். குருவானவர் அவரைக் கண்ணால் கூப்பிட்டார். பீடத்தில் பெரிய கிண்ணத்துக்கு அப்பால், மூடியோடு ஒரு சின்னப் பெட்டி தனியே இருந்தது. அதைத் திறந்து எடுத்து, "இது உங்களுக்குரியது" என்றார். கோதுமையின் பசையைக் கிட்டத்தட்ட முழுவதும் நீக்கிச் செய்த அப்பமாம், கேட்டால் கோயிலில் கிடைக்குமாம். அன்ரன் அண்ணைக்கு அது தெரியாது. கேட்க வெட்கப்பட்டவருக்கு எப்படித் தெரியும்? நாக்கை நீட்டும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த அளவு மரியாதை பார்க்காரனுக்கும் தெரியும்.

வெளியே படியில் வைத்து அன்ரன் அண்ணை சூசை அண்ணையைப் பிடித்துக்கொண்டார். "ஆரடா சொன்னது? தம்பி சொன்னவனோ?"

"அவன் வாயே திறக்கேல்லை" என்றார் சூசை அண்ணை. "நான் சுவாமியிட்டைக் கேட்டன், கோதுமை ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு என்ன வழி எண்டு. பேர் சொல்லேல்லை. பேசாமல் வா, சனம் பாக்குது."

மண்டபத்தில் விருந்து. கவுண்டர் என் பொறுப்பு. சூசை அண்ணை எங்கள் பாரில் இருந்தே ஒரு பெட்டி சைடரும் மதாமின் தனித் தட்டுப் பொலேகளும் எடுப்பித்திருந்தார். மதாம் அவற்றை இரவல் கொடுத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். தலைமேசையில் ஞானத் தகப்பனுக்கு முன்னால் ஒரு பொலே, தனக்கு முன்னால் ஒரு பொலே. சுற்றிலும் பியர்.

கேள்வி வராமல் இருக்குமா? மருமகனின் பெரியப்பா வந்தார். "என்ன சூசை, ஞானத் தகப்பனுக்குப் பொம்பிளையள் தண்ணி குடுக்கிறியள்? உவருக்கு ஏதும் சுகமில்லையோ?"

அந்த மேசைக்கு மூன்று மேசை தள்ளித்தான் அன்ரனின் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் இருந்தது. அன்ரன் அண்ணையின் கை கோப்பையில் அப்படியே நின்றது.

"அவனுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கிறான்" என்றார் சூசை அண்ணை, மண்டபத்துக்கே கேட்கும் குரலில். "எனக்குத்தான் டொக்டர் பியரை நிப்பாட்டிட்டார். குடல் பிரச்சினை. சாகும்வரை தொடக்கூடாதாம். தனியக் குடிக்க வெக்கமாய்க் கிடக்கு எண்டு, பாவம், அன்ரன் எனக்குத் துணைக்குக் குடிக்கிறான்."

பெரியப்பா அனுதாபத்தோடு சூசை அண்ணையின் முதுகைத் தடவினார். அவ்வளவுதான். ஒரு வசனத்தில் அந்த மனிதர் தன் வாழ்க்கையின் பெருங்காதலைக் கைவிட்டுவிட்டார். எங்கள் சனத்திடம் ஒருமுறை நோயைச் சொன்னால் பிறகு திருப்பி வாங்க முடியாது. கலியாண வீடு, பிறந்தநாள், செத்தவீடு முடிந்த பின் ஒன்றுகூடல் எங்கே போனாலும், "சூசை அண்ணைக்குப் பியர் குடுத்திடாதேங்கோ!" என்று நான்கு பேர் ஓடி வருவார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொலேயைத் தூக்குவார். எங்கள் பாரிலும் ஞாயிறு மேசை சைடர் மேசையாகிவிட்டது. ஞானராஜ் ஐயா காரணம் ஒன்றும் கேட்கவில்லை. "நமக்கு எதுன்னாலும் சரிங்க" என்றார். முதல் சில மாதம் சூசை அண்ணை பக்கத்து மேசைப் பியரைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்து மதாமே ஒருநாள் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்றார். பாரில் வெங்காயம் இல்லை.

அன்ரனின் மகளுக்குப் பேசிய சம்பந்தம் எதுவும் சரிவரவில்லை. சில வருடம் கழித்து அவளே தன் வேலையிடத்தில் ஒரு பையனைக் கண்டுபிடித்தாள். எங்கட பொடியன்தான், இங்கே பிறந்தவன், நல்லவன். நாகரிகத்துக்காகத் தன் விருப்பத்திலேயே கோதுமையை விட்டவன். மாமனாரின் குடலைப்பற்றி அறிந்ததும், "சுப்பர்!" என்றானாம்.

அந்தக் கலியாண விருந்திலும் ஊற்றியது நான்தான். கேக் வெட்டி முடிந்து பாட்டுப் போட்டதும், சூசை அண்ணை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே கவுண்டருக்கு வந்து குனிந்தார்.

"தம்பி, பெட்டை கட்டிப் போட்டாள். இனி ஆருக்கும் ஒளிக்கத் தேவையில்லைத்தானே?"

"இல்லை, அண்ணை."

"அப்ப ஒரு பியர் ஊத்து. பெரிசு."

மதாம் சொல்லித் தந்தபடியே ஊற்றினேன். கிளாசைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சரித்துப் பிடித்து, மேலே இரண்டு விரல் நுரை நிற்க. அவர் வாங்கி, வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய மிடறு குடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு மிடறு குடித்தார், சிறியது. கிளாசை மெல்லக் கவுண்டரில் வைத்து, என் பக்கமாகத் தள்ளினார்.

"சீ, கைக்குது. இதையோ அவ்வளவு காலமும் குடிச்சனான்?" என்றார். "அன்ரன் காணமுதல் உதைக் கீழை ஊத்து. மற்றதைத் தா."